பிரசெல்ஸில் தங்கி பெல்ஜியத்தின் பழைய நகரங்களைக் குடும்பத்துடன் காண்பது எப்படி?

ஐரோப்பாவுக்கு முதன்முறையாகக் குடும்பத்துடன் செல்வோர், பத்து நாட்களுக்குள் ஐந்து நாடுகளைப் பார்த்துவிட வேண்டும் என்று திட்டமிட்டு, அவற்றில் பாதி நாட்களைப் பெட்டி கட்டுவதிலும் விடுதி மாறுவதிலும் கழிப்பதைப் பரவலாகக் காண்கிறோம். சிறு பிள்ளைகளும் வயதான பெற்றோரும் உடன் வரும்போது இந்த முறை எவருக்கும் மகிழ்ச்சி தருவதில்லை. ஓர் ஊரில் ஒரு வாரத்துக்கு வீடோ அறையோ எடுத்துக்கொண்டு, காலையில் ரயிலேறி ஒரு பழைய நகரத்தைப் பார்த்துவிட்டு, இரவு அதே படுக்கைக்குத் திரும்புவதே மேல். இதற்குப் பெல்ஜியத்தைப் போல வசதியான நாடு வேறில்லை என்பது என் கருத்து. தலைநகர் பிரசெல்ஸிலிருந்து ரயிலில் கென்ட் ஏறக்குறைய அரை மணி நேரத்திலும், ஆன்ட்வெர்ப் முக்கால் மணி நேரத்திலும், புரூஜ் ஒரு மணி நேரத்திலும் வந்துவிடும்.

திட்டம் போடும்போதே ஒரு கட்டுப்பாட்டை ஏற்றுக்கொள்வது நல்லது. ஒரு நாளுக்கு ஓர் ஊர்தான். அந்த ஊரிலும் கட்டணம் செலுத்தி உள்ளே செல்லும் இடங்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம். கென்டும் புரூஜும் ஒரே ரயில் பாதையில் இருப்பதால் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். முடியும், ஆனால் பிள்ளைகளின் நினைவில் இரண்டு ரயில் நிலையங்களைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது.

புறப்படும் முன்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயண நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பது விதி என்றாலும், கோடை விடுமுறைக் காலத்தில் நேர்காணலுக்கு நாள் கிடைப்பதே கடினம் என்பதால் இரண்டு மூன்று மாதங்களாவது முன்னதாகத் தொடங்குங்கள். ஒவ்வொருவருக்கும் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவப் பயணக் காப்பீடு இருக்க வேண்டும். பிரசெல்ஸிலிருந்து லண்டனுக்கு நேரடி ரயில் இருப்பதைக் கண்டு அங்கும் ஒரு நாள் போய்வரலாம் என்று எண்ணிவிடக் கூடாது. பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும். பாரிஸுக்கோ ஆம்ஸ்டர்டாமுக்கோ சென்று திரும்ப அந்தத் தடை இல்லை.

பருவத்தைப் பொறுத்தவரை ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரையிலும், செப்டம்பரிலும் செல்வது நன்று. ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பர் நடுவிலோ காலை எட்டரைக்கு மேல்தான் விடியும், மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். கிறிஸ்துமஸ் சந்தைகளுக்காக அந்தக் குளிரிலும் செல்வோர் உண்டு. அவர்கள் ஒரு நாளில் செய்யக்கூடியதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். எந்த மாதமானாலும் மழை வரும். குடையைக் காற்று புரட்டிவிடும் என்பதால் தொப்பியுடன் கூடிய மழைச்சட்டை ஆளுக்கொன்று அவசியம். பழைய நகரங்களின் தெருக்கள் கல் பாவியவை. சிறு சக்கரம் கொண்ட குழந்தைத் தள்ளுவண்டி அங்கே குதித்துக் குதித்துப் போகும், குழந்தையும் தூங்காது. பெரிய சக்கர வண்டியோ, முதுகில் சுமக்கும் பையோ எடுத்துச் செல்லுங்கள்.

எங்கே தங்குவது

பிரசெல்ஸில் தெற்கு, மத்தி, வடக்கு என்று மூன்று முக்கிய ரயில் நிலையங்கள் ஒரே பாதையில் அடுத்தடுத்து இருக்கின்றன. உள்நாட்டு வண்டிகளில் பெரும்பாலானவை மூன்றிலும் நிற்கும். பாரிஸ், லண்டன் வண்டிகள் தெற்கு நிலையத்துக்கு வரும். மத்திய நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் தங்குவதுதான் குடும்பத்துக்கு ஏற்றது. தெற்கு, வடக்கு நிலையங்களைச் சுற்றி வாடகை குறைவு; ஆனால் இரவில் பிள்ளைகளுடன் நடந்துவர மனம் ஒப்பாத தெருக்களும் அங்கே உண்டு. மூன்று நிலையங்களிலும் பணப்பையையும் தோள்பையையும் முன்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். சமையலறை உள்ள வீடு கிடைத்தால் அதையே எடுங்கள். காரணம் உணவைப் பற்றிச் சொல்லும்போது விளங்கும்.

பெரிய நகரத்தின் இரைச்சல் வேண்டாம் என்போர் கென்டிலேயே தங்கலாம். அங்கிருந்து புரூஜ் அரை மணி நேரத்துக்கும் குறைவு. ஆனால் ஜூலையில் பத்து நாட்கள் நடக்கும் கென்ட் திருவிழாவின்போது ஊரே தெருவில் இருக்கும். அறை வாடகை ஏறியிருக்கும், இரவில் தூக்கமும் வராது.

ஜெர்மனியிலிருந்தோ பிரான்ஸிலிருந்தோ சொந்தக் காரில் வரும் குடும்பங்களுக்கு ஒரு சொல்: பிரசெல்ஸும் ஆன்ட்வெர்ப்பும் புகை அளவைக் கட்டுப்படுத்தும் மண்டலங்களை வைத்திருக்கின்றன, வெளிநாட்டு எண் கொண்ட வண்டிகளை முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்யாமல் நுழைந்தால் அபராதச் சீட்டு வீடு தேடி வரக்கூடும். காரைத் தங்கும் இடத்தில் விட்டுவிட்டு ரயிலில் செல்வதே நிம்மதி.

ரயிலைப் புரிந்துகொள்வது

பெல்ஜியத்தின் உள்நாட்டு ரயில்களில் இருக்கை முன்பதிவு என்ற ஒன்றே இல்லை. பயணச்சீட்டு அந்த நாளுக்கும் அந்தப் பாதைக்கும் உரியது, குறிப்பிட்ட ஒரு வண்டிக்கு உரியதன்று. ஆகவே பிள்ளை கழிப்பறைக்குப் போய் வர நேரமாகி ஒரு வண்டி போய்விட்டால், அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். மாதக்கணக்கில் முன்னதாக வாங்கினால் மலிவு என்ற கணக்கும் இங்கே இல்லை. பன்னிரண்டு வயது நிறையாத பிள்ளைகள் பெரியவர் ஒருவருடன் வந்தால் அவர்களுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு பெரியவருடன் நான்கு பிள்ளைகள் வரை செல்லலாம். சீட்டை நிலையத்து இயந்திரத்திலோ ரயில் நிறுவனத்தின் செயலியிலோ ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். வண்டிக்குள் வாங்கினால் கூடுதல் தொகை கேட்பார்கள். பெட்டியின் வெளிப்புறத்தில் 1, 2 என்று எழுதியிருப்பது வகுப்பு. இரண்டாம் வகுப்புச் சீட்டுடன் இடம் காலியாக இருக்கிறதே என்று முதல் வகுப்பில் அமர்ந்தால், பரிசோதகர் மன்னிக்க மாட்டார்.

அறிவிப்புகள் பிரசெல்ஸில் பிரெஞ்சு, டச்சு ஆகிய இரு மொழிகளிலும் வரும். வண்டி நாட்டின் வடக்கே டச்சு பேசும் பிளாண்டர்ஸ் பகுதிக்குள் நுழைந்ததும் பிரெஞ்சு நின்றுவிடும், ஊர்ப் பெயர்களும் டச்சு வடிவத்தில் மட்டுமே ஒலிக்கும். நாம் பார்க்கவிருக்கும் மூன்று நகரங்களும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. அடுத்த நிலையத்தின் பெயரைச் செயலியில் பார்த்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. ரயில் ஊழியர் வேலைநிறுத்தம் அந்த நாட்டில் அரிதன்று. அந்த நாட்களிலும் வண்டிகள் அடியோடு நிற்பதில்லை, குறைக்கப்பட்ட கால அட்டவணை முன்னதாகவே வெளியாகும். ஒவ்வொரு நாளும் இரவு உறங்கச் செல்லும் முன் மறுநாள் வண்டியை ஒருமுறை பார்த்துவிடுவது போதும்.

எந்த வரிசையில் பார்ப்பது

கென்ட், புரூஜ், ஆன்ட்வெர்ப் என்ற வரிசையை நான் பரிந்துரைக்கிறேன். கென்ட் அருகில் இருப்பது, கூட்டம் குறைந்தது, ரயிலுக்கும் தெருவுக்கும் பழகிக்கொள்ள ஏற்றது என்பது ஒரு காரணம். மற்றொன்று கதை. இங்கிலாந்திலிருந்து வந்த கம்பளியைத் துணியாக நெய்து செல்வம் சேர்த்த ஊர் கென்ட். கடலோடு இணைந்த ஸ்வின் நீர்வழியால் வணிகத் துறைமுகமாகி, அந்த நீர்வழி தூர்ந்துபோனதால் வறண்டது புரூஜ். அந்த வணிகம் போய்ச் சேர்ந்த இடம் ஷெல்ட் ஆற்றங்கரையில் உள்ள ஆன்ட்வெர்ப். பணம் தண்ணீரைப் பின்தொடர்ந்து ஊர் ஊராக நகர்ந்த இந்தக் கதையை ரயிலில் சொல்லிக்கொண்டே போனால், எட்டு வயதுப் பிள்ளைக்கும் தேவாலயங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாது.

வரிசையை எந்தக் கிழமையில் தொடங்குவது என்பதும் முக்கியம். பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அந்த நாளைப் பிரசெல்ஸின் பெரும் சதுக்கத்துக்கு ஒதுக்குங்கள். 1695இல் பிரெஞ்சுப் படை பீரங்கியால் தகர்த்த பின் வணிகக் குழுக்கள் சில ஆண்டுகளுக்குள் மீண்டும் எழுப்பிய அந்தச் சதுக்கத்தைப் பார்க்கக் கதவும் இல்லை, கட்டணமும் இல்லை.

முதல் நாள்: கென்ட்

கென்டின் முதன்மை நிலையமான சிந்த் பீட்டர்ஸ் ஊரின் நடுப்பகுதியிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. பெரியவர்களை நடக்க வைக்க வேண்டாம். நிலையத்தின் முன்னாலேயே ஊர் நடுச் சதுக்கமான கோரன்மார்க்ட் செல்லும் டிராம் நிற்கும், வங்கி அட்டையைக் கருவியில் தொட்டுக் கட்டணம் செலுத்தலாம். அங்கே இறங்கினால் புனித மைக்கேல் பாலம் பக்கத்தில். அதன் மேல் நின்றால் கோபுரங்கள் வரிசையாகவும், கீழே ஆற்றங்கரையில் பழைய வணிகர் வீடுகளும் தெரியும். புகைப்படங்களை இங்கேயே எடுத்து முடித்துவிடலாம்.

அடுத்து புனித பாவோ பேராலயம். ஹூபர்ட், யான் வான் ஐக் சகோதரர்கள் வரைந்து 1432இல் நிறைவுற்ற பீடப்படம், அதாவது பலிபீடத்துக்கென மரப் பலகைகளில் தீட்டிய ஓவியத் தொகுதி, இங்கே இருக்கிறது. பேராலயத்துக்குள் செல்லக் கட்டணம் இல்லை. பீடப்படத்தைக் காண நேரம் குறித்த சீட்டை முன்பதிவு செய்ய வேண்டும். காலை பத்தரை, பதினொரு மணி நேரத்துக்கு எடுத்தால் வண்டி தாமதமானாலும் பதற்றமில்லை. 2012 முதல் பலகைகளைக் கட்டம் கட்டமாக நகர அருங்காட்சியகத்தில் வைத்துச் சீரமைத்து வருகிறார்கள் என்பதால், எந்தப் பலகைகள் பேராலயத்தில் இருக்கின்றன என்று சீட்டு வாங்கும்போது கவனித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டும் என்று அஞ்ச வேண்டியதில்லை. இடப்பக்கத்துக் கீழ் மூலைப் பலகை 1934இல் ஓர் இரவில் திருடப்பட்டது, இன்றுவரை கிடைக்கவில்லை, இப்போது அங்கே இருப்பது நகல் என்று சொல்லிவிட்டால், அவர்கள் அந்த மூலையை விட்டு நகர மாட்டார்கள்.

மணிக்கூண்டு எதிரிலேயே உயர்ந்து நிற்கிறது. 91 மீட்டர் உயரம், உச்சியில் பொன்னிற டிராகன். இங்கே முதல் தளம் வரை படியேற வேண்டும், அதற்கு மேல் மின்தூக்கி உண்டு. தாத்தா பாட்டியை உயரத்துக்கு அழைத்துச் செல்ல விரும்பினால் இந்தக் கூண்டுதான் சரி. மறுநாள் புரூஜில் அந்த வசதி கிடையாது.

பிற்பகலில் கிராவன்ஸ்டேன் கோட்டை. பிளாண்டர்ஸ் கோமகன் பிலிப் 1180இல் கட்டியது, அகழியுடன் ஊர் நடுவில் நிற்கிறது. பேராலயமும் கோட்டையும் சேர்ந்து அன்றைய இரண்டு சீட்டுகளாகிவிடும். மணிக்கூண்டில் ஏறினால் கோட்டையை வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். உள்ளே சித்திரவதைக் கருவிகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்; மிகச் சிறிய பிள்ளைகளை அந்த அறையில் நிறுத்தாமல் மதில் மேல் அழைத்துச் சென்றுவிடுவது நல்லது. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1500இல் இந்த ஊரில்தான் பிறந்தார். வரி கட்ட மறுத்துக் கலகம் செய்த தம் ஊர்க்காரர்களை 1540இல் கழுத்தில் சுருக்குக் கயிற்றுடன் நடக்கவிட்டு மன்னிப்புக் கேட்க வைத்தார். அந்த அவமானத்தை இன்று அவ்வூர் மக்கள் பெருமைக்குரிய பட்டமாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

இரண்டாம் நாள்: புரூஜ்

புரூஜைப் பற்றி அறிய வேண்டிய முதல் செய்தி, அங்கு வரும் கூட்டத்தில் பெரும்பகுதி நம்மைப் போலவே காலையில் வந்து மாலையில் திரும்புவது என்பதுதான். முற்பகல் பதினொன்றிலிருந்து மாலை ஐந்து வரை சந்தைச் சதுக்கத்தில் தோளோடு தோள் உரசும். ஆகவே அன்று மட்டும் பிள்ளைகளைச் சீக்கிரம் எழுப்பி, ஒன்பதரைக்குள் நிலையத்தில் இறங்குங்கள். அது இயலாத குடும்பம் நேர்மாறாகச் செய்யலாம்: நண்பகலுக்குப் பின் சென்று, இரவு உணவை அங்கேயே முடித்து, பின்மாலை வண்டியில் திரும்பலாம். கோடையில் இந்த இரண்டாவது முறையே எனக்கு அதிகம் பிடித்தது.

நிலையத்திலிருந்து பெரும்பாலானோர் கடைத்தெரு வழியாக நேராகச் சதுக்கத்துக்கு நடப்பார்கள். அதை விட்டுவிட்டு, சாலையைக் கடந்து மின்னவாட்டர் ஏரியோரமாகப் பூங்காவுக்குள் நுழையுங்கள். அன்னப்பறவைகள் அங்கேதான் இருக்கும். அடுத்து 1245இல் நிறுவப்பட்ட பெகைன் மடம் வரும். துறவற உறுதிமொழி ஏற்காமலேயே பெண்கள் கூடி வாழ்ந்த வெள்ளைச் சுவர் வீடுகள், நடுவே மரங்கள் நிறைந்த புல்வெளி. இப்போது கன்னியர் வசிக்கிறார்கள் என்பதால் குரல் தாழ்த்த வேண்டும், பிள்ளைகளை ஓட விடக் கூடாது. அங்கிருந்து சில நிமிட நடையில் அன்னை மரியாள் தேவாலயம். அதன் செங்கல் கோபுரம் ஏறக்குறைய 115 மீட்டர். உள்ளே மைக்கேலாஞ்சலோ செதுக்கிய பளிங்குத் தாயும் சேயும் இருக்கின்றனர். துணி வணிகக் குடும்பம் ஒன்று இத்தாலியிலிருந்து வாங்கி வந்த இந்தச் சிலையை 1794இல் பிரெஞ்சுக்காரர்களும், 1944இல் ஜெர்மானியர்களும் தூக்கிச் சென்றார்கள். இருமுறையும் திரும்பி வந்துவிட்டது. தேவாலயத்தின் ஒரு பகுதிக்குக் கட்டணமில்லை, சிலை உள்ள பகுதிக்கு உண்டு.

கால்வாய்ப் படகுக்குப் பத்து மணி அளவில் வரிசையில் நின்றுவிடுங்கள். சவாரி அரை மணி நேரம்தான், ஆனால் பிற்பகலில் அதற்காகக் காத்திருக்கும் நேரம் அதைவிட நீளும். படகுத் துறைகள் பல இருக்கின்றன, எல்லாம் ஏறக்குறைய ஒரே சுற்றைத்தான் காட்டுகின்றன. வரிசை குட்டையான துறையில் ஏறலாம். மழைக்கு மூடி இருக்காது.

சந்தைச் சதுக்கத்தின் மணிக்கூண்டுக்கு 83 மீட்டர் உயரம், 366 படிகள். மேலே போகப் போகப் படிக்கட்டு குறுகி, ஏறுவோரும் இறங்குவோரும் ஒதுங்கி வழிவிட வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற வேண்டாம். இதற்கும் நேரம் குறித்த சீட்டுதான். குடும்பத்தில் பாதிப் பேர் ஏறும்போது மற்றவர்கள் பக்கத்தில் உள்ள பூர்க் சதுக்கத்தில், கிறிஸ்துவின் இரத்தம் என்று நம்பப்படும் புனிதப் பொருளைக் காக்கும் புனித இரத்தப் பேராலயத்தைப் பார்க்கலாம். கிறிஸ்துவின் விண்ணேற்ற நாளன்று அதன் ஊர்வலத்தைக் காண ஊருக்குள் பெருங்கூட்டம் வரும். ஊர்வலத்துக்காகவே செல்வோரைத் தவிர மற்றவர்கள் அந்த நாளைத் தவிர்க்கலாம்.

பிள்ளைகள் கல்லையும் கோபுரத்தையும் பார்த்து அலுத்துவிட்டால், அதே ரயிலில் இன்னும் கால் மணி நேரம் போனால் ஆஸ்டெண்ட் கடற்கரை. இதற்கான சீட்டைத் தனியே வாங்க வேண்டும்.

மூன்றாம் நாள்: ஆன்ட்வெர்ப்

இங்கே பார்க்க வேண்டியது ரயிலை விட்டு இறங்கும் இடத்திலேயே தொடங்குகிறது. 1905இல் திறக்கப்பட்ட மத்திய நிலையத்தின் குவிமாடமும் பளிங்குப் படிகளும் அரண்மனைக்கு உரியவை. தண்டவாளங்கள் மூன்று தளங்களில் ஓடுகின்றன. திரும்பும் வண்டி எந்தத் தளத்தில் என்று பார்த்துவிட்டு, நகரும் படிக்கட்டுகளுக்காகப் பத்து நிமிடம் முன்னதாக வந்துவிடுங்கள். நிலையத்தை ஒட்டியே 1843இல் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை உள்ளது. மூன்றாம் நாளில் தேவாலயம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் பிள்ளைகளை ஒரு பெற்றோர் அங்கே அழைத்துச் செல்ல, மற்றவர் ஓவியம் பார்க்கப் போகலாம். குடும்பம் எந்நேரமும் ஒன்றாகவே நகர வேண்டும் என்பதில்லை.

நிலையத்திலிருந்து மெய்ர் கடைவீதி வழியாக இருபத்தைந்து நிமிட நடையில் பழைய சதுக்கம் வரும். ஆற்றில் சென்ற படகோட்டிகளின் கையை வெட்டிய அரக்கனையும், அவன் கையையே வெட்டி ஆற்றில் எறிந்த வீரன் பிராபோவையும் பற்றிய கதை அங்குள்ள நீரூற்றில் சிலையாக நிற்கிறது. அன்னை மரியாள் பேராலயத்தின் கோபுரம் 123 மீட்டர். உள்ளே ரூபன்ஸ் வரைந்த நான்கு பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. ரூபன்ஸ் வாழ்ந்த வீட்டைப் பழைய கையேடுகள் முதலிடத்தில் வைத்திருக்கும். அந்த வீடு 2023 முதல் சீரமைப்புக்காகப் பல ஆண்டுகள் மூடப்பட்டிருக்கிறது, தோட்டத்தைக் காண முடியும்.

அதற்கு ஈடாக, இன்னும் சொல்லப்போனால் அதைவிட மேலாக, பிளான்டின் மொரேட்டஸ் அச்சகத்தைச் சொல்வேன். பதினாறாம் நூற்றாண்டில் தொடங்கிய அச்சகமும் அதை நடத்திய குடும்பத்தின் வீடும் அப்படியே அருங்காட்சியகமாகி, 2005இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. உலகில் எஞ்சியுள்ள அச்சுப் பொறிகளில் மிகப் பழையவை இரண்டு இங்கே இருக்கின்றன. எழுத்துகளை எடுத்துக் கோத்த பெட்டிகளும், பிழை திருத்துவோர் அமர்ந்த மேசையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

மாலையில் ஷெல்ட் ஆற்றின் அடியில் 1933இல் அமைத்த நடைபாதைச் சுரங்கம் வழியாக மறுகரைக்குப் போய்வரலாம். நீளம் 572 மீட்டர், கட்டணமில்லை. மரத்தாலான நகரும் படிக்கட்டுகளோடு மின்தூக்கியும் உண்டு. 1585இல் ஸ்பெயின் ஊரைக் கைப்பற்றியதும் வடக்கே இருந்த டச்சுக்காரர்கள் இந்த ஆற்றின் வாயை அடைத்தார்கள்; வணிகம் ஆம்ஸ்டர்டாமுக்கு நகர்ந்தது. ரயிலில் தொடங்கிய கதையை மறுகரையில் நின்று முடித்துவிடலாம்.

சாப்பாடு

உணவகங்களின் சமையலறை பிற்பகல் இரண்டரைக்குள் மூடிவிடும், மாலை ஆறுக்குத்தான் மீண்டும் திறக்கும். மூன்று மணிக்கு மதிய உணவு தேடும் நம் பழக்கம் அங்கே செல்லாது. காலையில் எலுமிச்சைச் சாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போய்ப் பூங்கா இருக்கையில் அமர்ந்து உண்பதில் கூச்சம் வேண்டாம். அவ்வூர் மக்களும் ரொட்டியை அப்படித்தான் உண்கிறார்கள். சமையலறை உள்ள வீடு என்று நான் வற்புறுத்தியது இதற்காகத்தான்.

சைவம் உண்போர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெல்ஜியத்தின் புகழ்பெற்ற உருளைக்கிழங்கு வறுவலை மரபுப்படி மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறார்கள். தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் இருக்கின்றன. ஒவ்வொரு கடையிலும் கேட்டே வாங்க வேண்டும். சூப்பில் இறைச்சிச் சாறும், மிட்டாயில் ஜெலட்டினும், சாக்லேட்டின் உள்ளே மதுவும் இருக்கக்கூடும். கென்ட் நகரம் 2009 முதல் வியாழக்கிழமையைச் சைவ நாளாக ஊக்குவித்து வருவதால் அங்கே சைவ உணவகங்கள் பல. ஆன்ட்வெர்ப் நிலையத்தை ஒட்டிய வைரச் சந்தையில் குஜராத்தி ஜைனக் குடும்பங்கள் நெடுங்காலமாகத் தொழில் செய்துவருகின்றன. அந்தப் பகுதியில் நம் நாட்டுச் சைவ உணவு கிடைக்கும்.

குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது. ஆளுக்கொரு புட்டியை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், ஏனென்றால் உணவகத்தில் தண்ணீருக்கு விலை உண்டு. பொதுக் கழிப்பறைகளுக்கும் காசு கேட்பார்கள் என்பதால் ஐம்பது சென்ட், ஒரு யூரோ நாணயங்களைத் தனிப்பையில் வைத்திருங்கள். அவசர உதவிக்கு 112.

மிஞ்சும் நாளும் புறப்படும் நாளும்

ஊர் திரும்பும் விமானம் மாலையில் என்றால் அந்த முற்பகலை வீணாக்க வேண்டியதில்லை. பிரசெல்ஸ் மத்திய நிலையத்தின் லாக்கரில் பெட்டிகளை வைத்துவிட்டு, அரை மணி நேரத்துக்கும் குறைவான தொலைவில் உள்ள மெக்கெலனுக்கோ லூவனுக்கோ போய்வரலாம். மெக்கெலனில் 97 மீட்டர் கோபுரமும் ஏறிச் செல்ல 538 படிகளும் இருக்கின்றன. லூவனில் 1425இல் தொடங்கிய பல்கலைக்கழகமும், கல்லில் சரிகை வேலை செய்த நகர மன்றமும் இருக்கின்றன. புறப்படும் நாளில் படியேறிக் களைக்க வேண்டாம் என்பதால் லூவனையே தேர்ந்தெடுங்கள். நண்பகல் வண்டியில் திரும்பிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டால், அதே நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு இருபது நிமிடத்தில் போய்ச் சேரும் ரயில் இருக்கிறது. விமான நிலையத்துக்கான கூடுதல் கட்டணம் சேர்ந்த சீட்டாகப் பார்த்து வாங்குங்கள்.